சமையற்கட்டுக்கும் லீவு விடுவோம்

(சித்திரை முதல் நாள், நம் குடியிருப்பின் பொது அரங்கில் நடந்த சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

வெளியே வடையும் பாயசமும் தயாராக இருப்பது இங்கே வரைக்கும் வாசனை வருகிறது. அதனால் சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

பரீட்சை முடியப்போகிறது. லிஃப்ட்டில் பார்க்கிறவர்களிடம் "லீவுக்கு எங்கே போறீங்க?" என்று கேட்டால், "எங்கேயும் இல்லைங்க, வீட்டோடதான்" என்கிறார்கள். அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கிவிடுகிறது. இறங்க வேண்டியதே இல்லை. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக, உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் ஊட்டிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று எண்ணிக்கையே வைத்துவிட்டார்கள். மலைக்கே நம்மிடமிருந்து ஓய்வு தேவைப்படுகிறது. நமக்கோ குமணன்சாவடி ஜங்ஷனைத் தாண்டுவதே ஒரு யாத்திரை. ஆகவே வீட்டிலேயே இருப்பது நல்ல முடிவுதான். என் கேள்வி வேறு. வீட்டில் இருக்கும் அந்த லீவு, வீட்டில் யாருக்கு?

விடுமுறை என்பது தானாக வந்த விஷயம் இல்லை. பம்பாய் ஆலைத் தொழிலாளர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடைத்தது 1890இல். அதற்காக நாராயண் மேகாஜி லோகண்டே பல வருடம் போராட வேண்டியிருந்தது. நம் சென்னைக் கடற்கரையில் 1923 மே 1 அன்று சிங்காரவேலர் மே தினத்தைக் கொண்டாடினார். இந்தியாவில் அதுதான் முதல் மே தினம். அடுப்படியில் நிற்பவருக்கு இப்படி ஒரு லோகண்டேவும் வரவில்லை, சிங்காரவேலரும் வரவில்லை. ஆலைக்குச் சங்கு ஊதினால் வேலை முடிந்துவிடும். குக்கர் விசில் அடித்தால்தான் நமக்கு வேலையே ஆரம்பம்!

சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. மத்திய அரசின் புள்ளியியல் துறை 2019இல் நாடு முழுக்க வீடு வீடாகப் போய், ஒரு நாளை எப்படிச் செலவழிக்கிறீர்கள் என்று கேட்டது. சமையல், துவையல், பெருக்கல் மாதிரி சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண்கள் அதற்குத் தந்தது நாளொன்றுக்கு சராசரியாக 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். இந்த 97 கூட அந்த வேலைகளில் கை வைத்த ஆண்களின் கணக்கு மட்டும்தான். அப்படிக் கை வைத்தவர்கள் நூற்றுக்கு 26 பேர். 2024இல் மறுபடி எடுத்தார்கள். பெண்கள் 289, ஆண்கள் 88. இரண்டும் குறைந்திருக்கின்றன, மகிழ்ச்சி. கழித்துப் பாருங்கள்: 202 நிமிடமாக இருந்த இடைவெளி 201 ஆகியிருக்கிறது. ஐந்து வருடத்தில் ஒரு நிமிடம்.

இதில் லீவு நாள் இன்னும் மோசம். மற்ற நாளில் ஒன்பது மணிக்குள் டிபன் பாக்ஸ் கட்டி எல்லோரையும் அனுப்பிவிட்டால் வீடு அமைதியாகிவிடும். லீவில் ஏழு மணிக்கு ஒருவருக்குக் காபி, எட்டரைக்கு இன்னொருவருக்கு, பத்து மணிக்கு எழுந்து வரும் பிள்ளைக்குத் தனியாகத் தோசை. அதை முடித்துவிட்டுத் திரும்பினால், "லீவுதானே, ஸ்பெஷலா ஏதாவது பண்ணேன்" என்று ஹாலிலிருந்து ஒரு குரல். மே மாதத்தில் வீட்டு வேலை செய்யும் அம்மாவும் ஊருக்குப் போய்விடுவார். போகட்டும், அவருக்கும் குடும்பம் இருக்கிறது. ஸ்விக்கியில் சொல்லிவிடலாமே என்கிறீர்கள். ஒரு நாள் சொல்லலாம். பில் ஒரு பக்கம் இருக்கட்டும், தட்டை யார் கழுவுகிறார்கள்?

சமையற்கட்டுக்கு லீவு விடுவது நம் வழக்கத்தில் ஏற்கெனவே இருக்கிறது. ஆடிப்பெருக்கன்று என்ன செய்கிறோம்? காலையிலேயே புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம் எல்லாம் கிளறித் தூக்கில் எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய்விடுவார்கள். சாயங்காலம் வரை அடுப்பு கிடையாது. அந்தக் கட்டுச்சோற்றை வாரத்துக்கு இரண்டு நாள் நம் வீட்டுக்குள்ளேயே கட்டுவோம். புளிக்காய்ச்சலை ஒரே ஒரு முறை நிறைய நல்லெண்ணெய் விட்டுச் செய்து பாட்டிலில் வைத்துவிட்டால் வாரக்கணக்கில் இருக்கும். சாதம் வடித்து அதில் பிசைய ஒரு அப்பாவும் ஏழாம் வகுப்புப் பையனும் போதும். மே வெயிலில் தயிர் சாதம் மதியத்துக்குள் புளித்துவிடும் என்பவர்களுக்கு: குழைய வடித்த சாதத்தில் பாலை ஊற்றி ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் போடுங்கள். சாப்பிடும் நேரத்துக்குத் தயிராகியிருக்கும். தட்டை அவரவர் கழுவி வைக்க வேண்டும். இதில் மட்டும் யாருக்கும் சலுகை கிடையாது, தாத்தாவைத் தவிர.

ஒன்று கவனியுங்கள். "நான் ஹெல்ப் பண்றேன்" என்று வந்து நின்று, "உப்பு எங்கே, கடுகு எங்கே" என்று பத்து கேள்வி கேட்டால் அது அவருக்கு இன்னொரு வேலை. அந்த இரண்டு நாளும் என்ன சமைப்பது என்று யோசிப்பதிலிருந்தே அவருக்கு விடுதலை வேண்டும். உப்பு குறைந்தாலும் வாயைத் திறக்காமல் சாப்பிடுவது அவர் செய்ய வேண்டிய உதவி.

மிச்ச நேரத்துக்கு என்ன செய்வது என்று கவலை வேண்டாம், பிள்ளைகளுக்கு அட்டவணை போட்டுக் கொல்லவும் வேண்டாம். தரையில் சாக்பீஸால் ஆடு புலி ஆட்டம் வரையுங்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு. புளியங்கொட்டையும் கூழாங்கல்லும் போதும். தாத்தா பாட்டிக்கு ஆடத் தெரியும், பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. வீட்டில் இப்படித் தலைகீழாக இருக்கும் விஷயங்கள் கொஞ்சம்தான். மற்ற எல்லாவற்றுக்கும் தாத்தாதான் போனை நீட்டிக்கொண்டு பேரனிடம் போய் நிற்கிறார். நான்கு நாள் லீவு எடுத்துக்கொண்டு மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கும் அப்பா அம்மாக்களைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அவர்களுக்கே தெரியும்.

செயலாளர் சாருக்கு ஒரு விண்ணப்பம். கத்திரி வெயில் மே 4இல் ஆரம்பிக்கிறது. வடாம் போட அதைவிட நல்ல காலம் இல்லை. மொட்டை மாடிச் சாவியைக் காலை ஐந்தரைக்கே தர ஏற்பாடு செய்யுங்கள். கூழ் கிண்டுவது கைவலி எடுக்கும் வேலை, அதை ஆண்கள் எடுத்துக்கொள்வார்கள் என்று இங்கே முன்வரிசையில் இருப்பவர்கள் சார்பில் நானே வாக்குக் கொடுக்கிறேன். காக்கா விரட்டப் பிள்ளைகள். மெரினா பக்கம் மதியமே வந்துவிடும் கடற்காற்று நம் பக்கம் வந்து சேரத் தாமதமாகும். அதனால் மாலையிலும் ஒன்பது மணி வரை மாடி திறந்திருக்கட்டும், பாய் விரித்து உட்காரலாம்.

இன்னொன்று, நம் காவலர்களுக்கும் துப்புரவு செய்கிறவர்களுக்கும் வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கிறார்கள். நாம் எல்லோரும் வீட்டில் இருக்கும் நாளில் அவர்களுக்குக் குப்பையும் அதிகம், கேட் திறக்கிற வேலையும் அதிகம். மே மாதத்தில் ஒவ்வொருவருக்கும் சம்பளம் பிடிக்காமல் இரண்டு நாள் முறை வைத்து லீவு விடலாமா என்று அடுத்த செயற்குழுவில் பேசுங்கள். அந்த நாட்களில் குப்பையைக் கீழே கொண்டுபோய் வைக்க எங்கள் மாடியில் நான்கு வீட்டுக்காரர்கள் ஒத்துக்கொண்டிருக்கிறோம். மற்ற மாடிக்காரர்கள் பெயர் கொடுப்பதானால், வடை வாங்கப் போகும் வழியில் மேசை மேல் நோட்டு இருக்கிறது.