மருந்துக்கு ஓர் அனுமதி அட்டை



கஞ்சா என்னும் சொல்லைப் பாடசாலை அதிபர் ஒருவர் உச்சரித்தால், அடுத்து வருவது எச்சரிக்கையாகவே இருக்குமென எதிர்பார்ப்பீர்கள். பல ஆண்டுகளாக நானும் மாணவர்க்கு அந்த எச்சரிக்கையையே கூறிவந்தேன். ஆயினும் சென்ற ஆண்டு, அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் வாழும் என் பழைய மாணவி ஒருத்தி எழுதிய கடிதம் என்னைச் சற்றுச் சிந்திக்க வைத்தது.

அவளுடைய தாயார் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தார். மருந்து ஏற்றிய நாட்களில் ஓயாத வாந்தி. ஒரு வாய்க் கஞ்சியேனும் வயிற்றில் தங்குவதில்லை. கஞ்சா அட்டைக்கு விண்ணப்பிக்கலாமென அயலவர் கூறினராம். "ஐயா, தீதென்று நீங்கள் எங்களுக்குக் கற்பித்த பொருளை அம்மாவுக்குக் கொடுப்பது பிழையாகுமா?" என்று கேட்டிருந்தாள்.

மறுமொழி எழுதுமுன் விடயத்தை அறிந்துகொள்ள முயன்றேன். கீழைத்தேய வைத்தியர் பண்டுதொட்டு அறிந்திருந்த இம்மூலிகையை, 1839 ஆம் ஆண்டளவிற் கல்கத்தாவிலே ஆராய்ந்து மேனாட்டு வைத்தியத்துக்கு அறிமுகஞ் செய்தவர் ஓ'ஷாக்னசி என்னும் வைத்தியர். 1850 இல் அது அமெரிக்க மருந்து நூலில் இடம்பெற்றது. 1942 இல் நீக்கப்பட்டது. 1970 ஆம் ஆண்டின் மத்திய சட்டமோ அதனை வைத்தியப் பயனற்ற பொருள்களின் பட்டியலிற் சேர்த்தது. இதற்கு மாறாக, 1996 இல் கலிபோர்ணியா மாநில மக்கள் வாக்களித்து நோயாளர்க்கு அதனை அனுமதித்தனர். 2016 இல் புளோரிடா மக்களும், நூற்றுக்கு 71 பேர் ஆதரிக்க, அவ்வழியிற் சென்றனர்.

அங்கே அட்டை பெறும் முறை யாது? புற்றுநோய், காக்கைவலிப்பு, கண்ணழுத்த நோய், பார்க்கின்சன் நோய் போன்ற குறிப்பிட்ட நோயொன்று இருத்தல் வேண்டும். இதற்கெனத் தகுதி பெற்ற வைத்தியர் நோயாளியை நேரிற் பரிசோதித்து, கிடைக்கும் நன்மை தீமையினும் மிகுதியென்று கண்டால், அரசாங்கப் பதிவேட்டிற் பெயரைப் பதிவார். பின்னர் நோயாளி வதிவிட அத்தாட்சியும் நிழற்படமும் இணைத்து, 75 டொலர் கட்டணத்துடன் மாநிலச் சுகாதாரத் திணைக்களத்துக்கு விண்ணப்பிப்பார். அட்டை ஓராண்டுக்கே செல்லும். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்க்கு இரண்டாவது வைத்தியரின் இணக்கமும், மருந்தை வாங்கிக் கொடுக்கப் பதிவுபெற்ற பராமரிப்பாளரும் வேண்டும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். வைத்தியர் எழுதுவது சாதாரண மருந்துச் சீட்டன்று. நோயாளி தகுதியுடையவர் என்னும் சான்று மட்டுமே. மத்திய சட்டம் தடுத்த பொருளுக்கு மருந்துச் சீட்டு எழுத இயலாமையினால் மாநிலங்கள் கண்ட வழி இது. ஆகவே, அட்டை மாநிலத்தின் வாக்குறுதியேயன்றி மத்திய அரசாங்கத்தின் வாக்குறுதியன்று. மாநிலம் அனுமதித்தாலும் மத்திய சட்டம் செல்லுமென அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2005 இல் தீர்ப்பளித்தது.

இந்த நுட்பமே அக்குடும்பத்துக்குப் பெரிதாயிற்று. தாயார் அந்நாட்டுப் பிரசையல்லர். நிரந்தர வதிவிட உரிமை பெற்றுக் குடியுரிமைக்குக் காத்திருந்தவர். மாநிலச் சட்டம் அனுமதித்தாலும், கஞ்சாவுடன் கொண்ட தொடர்பு குடியுரிமைக்குரிய நன்னடத்தைக்கு இழுக்காகக் கொள்ளப்படலாமென 2019 இல் மத்திய குடிவரவுத் துறை வழிகாட்டல் வெளியிட்டிருந்தது. நோய் தணிக்கப் பெறும் அட்டை மகளையும் தாயையும் பிரிக்கும் அட்டையாகிவிடக் கூடாதல்லவா?

நான் சட்டமோ வைத்தியமோ கற்றவனல்லன். எனவே, "பிழையன்று மகளே; ஆனால் விண்ணப்பத்தில் ஒப்பமிடுமுன் குடிவரவுச் சட்டத்தரணியையும் அம்மாவின் புற்றுநோய் வைத்தியரையும் கேள்" என்று எழுதினேன்.

அவள் கேட்டாள். கஞ்சாவின் முக்கிய கூற்றைச் செயற்கையாக ஆக்கிய துரோனாபினோல் என்னும் குளிசையை, சிகிச்சையால் வரும் வாந்திக்கென மத்திய அரசாங்கமே 1985 இல் அங்கீகரித்திருந்தது. அதற்குச் சாதாரண மருந்துச் சீட்டே போதும், அட்டை வேண்டியதில்லை. தலைச்சுற்றும் மயக்கமும் வரலாமென எச்சரித்து, வைத்தியர் அதனைச் சிறிய அளவிற் கொடுத்தார். அது புற்றுநோயை மாற்றும் மருந்தன்று. ஆயினும், "அம்மா இன்று அரைக் கோப்பை கஞ்சி குடித்தார், ஐயா" என்று அடுத்த கடிதம் வந்தது.

நேயர்களே, இளைஞர்க்கு நான் கூறும் எச்சரிக்கை இன்றும் மாறவில்லை. அந்நாட்டு அட்டை நம் நாட்டிற் செல்லுபடியாவதுமில்லை. ஆனால் ஒரு பொருளை நஞ்சென்றோ மருந்தென்றோ பெயரைக் கொண்டு மாத்திரம் முடிவு செய்யலாகாது. யாருக்கு, எதற்காக, எவ்வளவு, யாருடைய மேற்பார்வையில் என்று கேட்டறிந்தே முடிவு செய்தல் வேண்டும். என் மாணவியின் கேள்வி எனக்குக் கற்பித்த பாடம் இதுவே.