வீட்டுக்குள் வந்த விளையாட்டு

(பொன்விழாக் குடும்ப மாலையில் ஆற்றிய உரை)

வணக்கத்துக்குரிய பங்குத் தந்தை அவர்களே, அருட்சகோதரிகளே, தாய்மார்களே, பெரியோர்களே, பின் வரிசையில் தலை குனிந்து அமர்ந்திருக்கும் இளைஞர்களே!

தலை குனிந்து என்று சொன்னது பணிவைக் கருதி அன்று. உங்கள் மடியில் ஒளி வீசுவது மேடையிலிருந்து நன்றாகத் தெரிகிறது. குறை சொல்ல வரவில்லை. முன் வரிசையிலும் இரண்டு மூன்று ஒளிகள் தெரிகின்றன.

புதிய கருவிகளைப் பற்றியும் நம் குடும்பங்களைப் பற்றியும் பேச மூத்தோர் சார்பில் ஒருவரை அனுப்பும்படி விழாக் குழுவினர் கேட்டார்கள். ஆகவே இனி இந்த உரையில் வரும் ‘நாங்கள்’ என்பது அறுபதைத் தாண்டிய எங்கள் கூட்டம் முழுவதையும் குறிக்கும். பழி வந்தால் பங்கிட்டுக் கொள்ளலாம் அல்லவா?

முதலில் எங்கள் கதையைச் சொல்லிவிடுகிறோம். புதிதாக எது வந்தாலும் அதைக் கெட்டது என்று சொல்லுவது பெரியவர்களின் வழக்கம். அந்த வசையை நாங்களும் நிறையக் கேட்டிருக்கிறோம். 1963இல் திருநெல்வேலிக்கு வானொலி நிலையம் வந்தது. மாலையானால் பஞ்சாயத்து ரேடியோவின் கீழ் கூட்டமாக உட்கார்ந்து பாட்டுக் கேட்போம். “பாட்டுக் கேட்டு வயிறு நெறயுமால?” என்று எங்கள் தாத்தாமார் ஏசினார்கள். பிறகு தொலைக்காட்சி வந்தது. சென்னையில் 1975இல் தொடங்கிய ஒளிபரப்பு நம் பக்கம் எட்டவில்லை. 1982இல் இலங்கையில் ரூபவாகினி தொடங்கியபோது, உயரமான குழாயில் ஆன்டெனாவைக் கட்டிக் கிழக்கே திருப்பி, புள்ளி புள்ளியாகத் தெரிந்த படத்தைத் தெருவே கூடிப் பார்த்தது. மாடியில் ஒருவர் குழாயைத் திருப்புவார். கீழே பத்துப் பேர், “இன்னுங் கொஞ்சம், இன்னுங் கொஞ்சம்” என்று கத்துவார்கள். படம் தெரிந்ததை விட அந்தக் கத்தல்தான் நினைவில் நிற்கிறது. திருவிழாவுக்கு ‘டெக்’ வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம் போட்டதும் நாங்கள்தான். மறுநாள் பூசையில் யார் யார் தூங்கி வழிந்தோம் என்பதை இங்கே சொல்லப் போவதில்லை.

எங்கள் பிள்ளைகள் காலத்தில் பாளையங்கோட்டையிலும் சந்திப்பிலும் வீடியோ கேம் கடைகள் வந்தன. சின்ன அறை, பழைய டிவி, ஒரு ரூபாய் கொடுத்தால் மரியோ குதிப்பார். காசு தீர்ந்தால் ஆட்டமும் தீர்ந்தது. பையன் வீட்டுக்கு வந்துதானே ஆகவேண்டும்?

இந்த இடத்தில்தான் சற்று நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. எங்கள் காலத்து விளையாட்டுகள் எல்லாவற்றுக்கும் ஒரு முடிவு இருந்தது. தாயத்தில் காய்கள் எல்லாம் பழமாகிவிட்டால் ஆட்டம் முடிந்தது. பல்லாங்குழியில் எதிராளியின் குழிக்குப் போட முத்து இல்லாவிட்டால் பலகையை மடக்க வேண்டியதுதான். கிட்டியும் கோலியும் பாண்டியும் விளக்கு வைக்கும் நேரத்தோடு ஓய்ந்தன. அப்படியும் ஓயாவிட்டால், தெரு முனையிலிருந்து ஆச்சியின் குரல் வரும்: “ஏல, இருட்டிப் போச்சு, இன்னும் என்னல பண்ணுத?” அந்தக் குரலுக்கு மேல் விளையாட்டு ஏது!

இன்று கையில் இருக்கும் விளையாட்டுக்கு முடிவு கிடையாது. முடியக்கூடாது என்றே அது கட்டப்பட்டிருக்கிறது. ஒரு கட்டம் முடிந்தால் அடுத்த கட்டம். நாள் தவறாமல் வந்தால் ஒரு பரிசு. ஒரு நாள் தவறினால் சேர்த்த வரிசை அறுந்து போகும். எப்போது பரிசு விழும் என்று தெரியாதபடி சில நேரம் கொடுத்து, சில நேரம் கொடுக்காமல் ஏங்க வைப்பது இன்னொரு வித்தை. தூண்டில்காரனுக்குத் தெரிந்த வித்தைதான் அது. ஆட்டம் இலவசம். ஆனால் அதில் வரும் பொம்மைக்கு நல்ல உடுப்பு வேண்டுமானால் காசு கட்ட வேண்டும். கிறிஸ்மஸுக்குப் புதுச்சட்டை கேட்காத பேரன் பொம்மைக்குச் சட்டை வாங்க அம்மாவின் போனிலிருந்து பணம் அனுப்பியதை நாங்கள் கண்ணால் கண்டோம். ஆச்சியின் குரல் இந்த விளையாட்டுக்கு எட்டாது. காதில் வேறு மாட்டியிருக்கிறார்களே!

விளையாடுகிற எல்லோரும் நோயாளிகள் என்று சொல்லி உங்களை அச்சுறுத்த நாங்கள் வரவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று, 2022 சனவரியில் நடைமுறைக்குக் கொண்டு வந்த நோய்ப் பட்டியலில் ‘விளையாட்டு நோய்’ என்று ஒன்று இருக்கிறது. விளையாடுவோரில் மிகச் சிலருக்கே அது வருகிறது. நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும் விட அதுவே முதன்மையாதல், கெடுதல் வந்த பிறகும் தொடர்தல் ஆகிய இவை ஏறத்தாழ ஓராண்டு நீடித்தால்தான் அதை நோய் என்கிறார்கள். இந்த மூன்றையும் உங்கள் பிள்ளையிடம் தேடிப் பார்ப்பதற்கு முன் உங்களிடம் தேடிப் பாருங்கள். எங்களில் ஒருவர் அப்படிப் பார்த்தார். இரவு பதினொரு மணி வரை வாட்ஸ்அப்பில் வந்த ‘இனிய இரவு’ படங்களை இன்னொருவருக்கு அனுப்பிக் கொண்டிருந்தது தாம்தான் என்று கண்டுபிடித்தார்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் கையில் இந்தக் கருவியைக் கொடுத்தது யார்? 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டன. சின்ன வகுப்புகளுக்கு மீண்டும் கதவு திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. இடையில் ஒன்றரை ஆண்டுக் காலம் பாடம் போனில்தான் வந்தது. நகையை அடகு வைத்துப் போன் வாங்கிய தாய்மார்கள் நம் பங்கிலேயே உண்டு. அப்போது பிள்ளைக்குத் தெரு இல்லை, மைதானம் இல்லை, தோழர் இல்லை. அந்தச் சிறு பெட்டிக்குள்தான் எல்லோரும் இருந்தார்கள். பப்ஜியை அரசு 2020 செப்டம்பரில் தடை செய்தபோது பையன்களுக்கு வந்த கவலை தோழர்களை இனி எங்கே சந்திப்பது என்பதுதான். அவர்கள் வேறொன்றுக்கு மாறினார்கள். பள்ளி திறந்த பிறகு அவர்களை மறுபடி தெருவுக்கு அழைக்க நாம் மறந்துவிட்டோம். பெட்டி கையில் இருந்தால் பிள்ளை அமைதியாக இருக்கிறான். அந்த அமைதி நமக்கும் வசதியாக இருந்தது.

பணம் வைத்து ஆடும் ஆட்டம் வேறு கதை. அதைச் சுருக்கமாகச் சொல்ல மனம் வரவில்லை. எங்களுக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர். ஊரும் தெருவும் வேண்டாம். கடையில் கணக்கு எழுதி மாதச் சம்பளம் வாங்கி வந்தவர். போனில் சீட்டாடத் தொடங்கி முதல் வாரம் வென்றார். வென்றதுதான் கேடு. பிறகு சம்பளம் போனது, தங்கைக்குச் சேர்த்திருந்த பணம் போனது, கடைசியில் அம்மாவின் கம்மல் போனது. சாவடியில் சீட்டாடியவனை ஊர் பார்த்தது, கண்டித்தது, கையைப் பிடித்து இழுத்து வந்தது. இவர் பக்கத்துக் கட்டிலில் படுத்தபடியே தோற்றார். அம்மா மகன் தூங்குகிறான் என்று நினைத்து மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

இதுவும் நமக்குப் புதிதன்று. நம் மாநில அரசே 1968இல் பரிசுச் சீட்டு தொடங்கியது. கூலிக்காரரின் காசு சீட்டுக் கடையில் கரைவதைப் பல ஆண்டுகள் கண்ட பிறகு, 2003 சனவரியில் எல்லா லாட்டரியும் தடை செய்யப்பட்டது. இணையச் சூதாட்டத்துக்கும் அப்படியே நீண்ட போராட்டம். 2021இல் கொண்டு வந்த தடைச் சட்டத்தை உயர்நீதிமன்றம் அதே ஆண்டு ரத்து செய்தது. நீதிபதி சந்துரு தலைமையில் அமைந்த குழு 2022இல் அறிக்கை தந்தது. அதன்பின் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2023 மார்ச்சில் மறுபடி நிறைவேற்றி ஏப்ரலில் சட்டமாயிற்று. அந்த நவம்பரில் உயர்நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களாதலால் அவற்றைத் தடை செய்ய முடியாது என்றது. 2025இல் மாநில அரசு, நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரை பண ஆட்டம் கூடாதென்று விதித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் பண ஆட்டம் முழுவதையும் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. 22ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். அதில் ஆடியவருக்குத் தண்டனை இல்லை, ஆட்டம் நடத்துபவருக்குத்தான் மூன்றாண்டு வரை சிறை. இது எங்களுக்குச் சரியாகவே படுகிறது. கம்மல் மட்டும் திரும்பி வரவில்லை.

அப்படியானால் இந்தக் கருவிகளை ஆற்றில் எறிந்துவிடலாமா? எறிய மாட்டோம். நம் பங்கில் வளைகுடா நாடுகளில் வேலை செய்யும் மகன் இல்லாத தெரு எது? அவன் முகத்தை நாள்தோறும் காட்டுவது இந்தக் கண்ணாடிதானே? தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் 2011 முதல் ஸோஹோ நிறுவனம் இயங்கி வருகிறது. நம் மலையடிவாரத்தில் உட்கார்ந்து செய்யும் வேலை உலகெங்கும் விற்பனையாகிறது. கணினியைத் தொடாதே என்று வளர்த்திருந்தால் அந்த நாற்காலிகளில் வேறு ஊர்ப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் செந்தூர் விரைவு வண்டி எண்ணூறு பயணிகளோடு நின்றுபோனது. தாமிரபரணி வண்ணாரப்பேட்டைக்குள்ளும் கொக்கிரகுளத்துக்குள்ளும் ஏறி வந்தாள். மின்சாரம் போயிற்று. திங்கட்கிழமை விடிந்தபோது போன்களில் உயிரில்லை. உயிர் இருந்தவற்றில் சிக்னல் இல்லை. சென்னையிலும் துபாயிலும் இருந்த பிள்ளைகள், அம்மா உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாமல் தவித்தார்கள். போன் எதற்கு என்று கேட்பவர்கள் அந்த இரண்டு நாளை நினைத்துக் கொள்ளட்டும்.

அதே இரண்டு நாளில் வீட்டுக்குள் வேறொன்றும் நடந்தது. அழுது சலித்த பேரப்பிள்ளைகளை ஓர் ஆச்சி மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கூப்பிட்டு, தரையில் சாக்கட்டியால் தாயக் கட்டம் போட்டார். தாயக்கட்டை இல்லை. நான்கு புளியங்கொட்டையை எடுத்து ஒரு பக்கம் வெள்ளை தெரியத் தேய்த்தார்கள். தேய்ப்பதற்கே ஒரு மணி நேரம் ஆனது. அதுவே ஒரு விளையாட்டு. மாடியில் அடைக்கலம் புகுந்த பக்கத்து வீட்டாரும் சேர்ந்தார்கள். ஒன்பது வயதுப் பேத்தி ஆச்சியின் காயை வெட்டினாள். ஆச்சி கோபித்துக் கொண்டார். உண்மைக் கோபம்! அந்தச் சிரிப்பு கீழே தண்ணீரில் நடந்து போனவர்களுக்கும் கேட்டதாம்.

மூன்றாம் நாள் மின்சாரம் வந்தது. முதல் அரை மணி நேரம் எல்லோரும் போனில் அழுதார்கள். அடுத்த பத்து நிமிடத்தில் ஆளுக்கொரு மூலை. தாயக் கட்டம் கால் பட்டு அழிந்தது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் அநியாயமாகும். அந்த வாரம் நம் மண்டபத்தில் சோறு பொட்டலம் கட்டி, எந்தத் தெருவில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று போனிலேயே குழு அமைத்துக் கணக்கெடுத்து, இடுப்பளவு தண்ணீரில் கொண்டு போனவர்கள் யார்? இரவெல்லாம் விளையாடிக் கெடுகிறார்கள் என்று நாங்கள் ஏசிய அதே பையன்கள்தான். ஒருவருக்கொருவர் குரல் கொடுத்து, இடம் பிரித்து, குழுவாக இயங்க எங்கே கற்றீர்கள் என்று கேட்டோம். சிரித்தார்கள், விளையாட்டின் பெயரைச் சொன்னார்கள். எங்களுக்குப் பதில் வரவில்லை.

2025 செப்டம்பர் 7ஆம் நாள் புனிதராக அறிவிக்கப்பட்ட கார்லோ அக்குத்திஸ் கணினியில் வல்லவர். பதினைந்து வயதில், 2006இல் இறந்தவர். அவருக்கும் வீடியோ கேம் பிடிக்கும். வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று தமக்குத் தாமே அளவு வைத்துக் கொண்டார். அளவை வைத்தது அவர் அம்மா அல்ல என்பதைத் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். ஒரு மணி நேரம் என்பது உங்களுக்கு மிகக் குறைவாகப் படும். சரி, நீங்களே ஓர் அளவு சொல்லுங்கள். நாங்களும் வாட்ஸ்அப்புக்கு ஓர் அளவு சொல்லுகிறோம். இரண்டையும் ஒரே தாளில் எழுதி வீட்டுக் கதவில் ஒட்டுவோம். மீறினவர் யாராயிருந்தாலும் அன்று பாத்திரம் தேய்க்க வேண்டும்.

பங்குத் தந்தை அவர்கள் சனிக்கிழமை மாலை ஐந்து முதல் ஏழு மணி வரை மண்டபத்தைத் திறந்து வைக்க இசைந்திருக்கிறார்கள். கேரம் பலகை இரண்டு இருக்கிறது. சதுரங்கம் இளைஞர்கள் கொண்டு வருகிறார்கள். பப்ஜி ஆடுவது எப்படி என்று எங்களுக்கு ஒரு மணி நேரம் கற்றுத் தருவதாகவும் சொல்லியிருக்கிறார்கள்; நாங்கள் பதிலுக்குத் தாயம் கற்றுத் தருகிறோம். பித்தளைத் தாயக்கட்டை ஒரே ஒரு சோடிதான் கிடைத்திருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தால் எடுத்து வாருங்கள். கிடைக்காதவர்கள் புளியங்கொட்டையாவது கொண்டு வாருங்கள். தேய்க்கத் திண்ணை இருக்கிறது.