வாத்தியக்காரர்கள் எங்கிருந்து வந்தார்கள்?

(யூபிலி விழா இசை மாலையில் பாடகற்குழுவின் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



இசையைப் பற்றிப் பேசுங்கள் என்று எங்களிடம் சொன்னார்கள். திருப்பாடல்களைப் பற்றியும், பழைய இலத்தீன் கீதங்களைப் பற்றியும் நம் பெரியவர்கள் பலமுறை பேசியிருக்கிறார்கள். ஆகவே நாங்கள் வேறு பக்கம் போகிறோம். ஜாஸ் என்னும் மேல்நாட்டு இசையை முதன்முதலில் வாசித்தவர்கள் யார், எந்தக் குடும்பத்துப் பிள்ளைகள், யாரிடம் கற்றார்கள் என்பதுதான் எங்கள் பேச்சு. ஜாஸ் என்பது பெரிய ஓட்டல்களில் நடனத்துக்கு வாசிக்கிற சங்கதியாயிற்றே, அதற்கும் கோயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒத்திகையின்போதே ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் சம்பந்தம் இருக்கிறது.

அமெரிக்காவின் தென்கோடியில் மிசிசிப்பி ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகில் நியூ ஆர்லியன்ஸ் என்ற துறைமுக நகரம் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் அமைத்த ஊர். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றி வந்தவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும், ஞாயிறன்று வேலை வாங்கக் கூடாது என்று 1724-ல் அங்கே சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டத்தில் இருந்த கொடுமைகள் ஏராளம். என்றாலும் அந்த ஞாயிற்று ஓய்வில்தான் காங்கோ சதுக்கம் என்ற திடலில் அடிமைகள் கூடித் தங்கள் முழவுகளைத் தட்டினார்கள். அந்தத் தாளம் அழியாமல் பிழைத்ததற்கு அந்த ஒருநாள் ஓய்வு ஒரு காரணம்.

இவ்விடத்தில் நம் ஊர்ச் செய்தி ஒன்று. 1846-ம் வருடம் அக்டோபர் 4-ந் தேதி, செபமாலை மாதா திருநாளான முதல் ஞாயிறன்று, இதே கருமத்தம்பட்டியில் ஆயராக அபிஷேகம் செய்யப்பட்டவர் மரியோன் பிரேசியாக் ஆண்டகை. அவர் 1855-ல் தம் பதவியைத் துறந்து, மறு ஆண்டு லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையைத் தொடங்கினார். 1859 ஜூன் 25-ல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுன் நகரில் நோயில் இறந்தார். நம்மிடமிருந்து புறப்பட்டவர் போய்ச் சேர்ந்த கரை, அந்த முழவுக்காரர்களின் முன்னோர் கப்பலேற்றப்பட்ட கரைதான். இங்கே அவருக்குப் பெரிய மனவேதனையாக இருந்தவற்றுள் சாதி வழக்கங்களைப் பற்றிய பிரச்சினையும் ஒன்று. அதற்குப் பிறகு வருகிறோம்.

பழைய ஜாஸ் குழுவில் ஆறேழு பேர்தான். கார்னெட் அல்லது டிரம்பெட் பாட்டின் மெட்டைப் பிடித்துக்கொண்டு போகும். கிளாரினெட் அதற்கு மேலே கொடிபோல் சுற்றிச் சுற்றி ஓடும். டிராம்போன் கீழே இழுத்து இழுத்துப் பதில் சொல்லும். டிரம்ஸ், பாஞ்சோ, பியானோ, பேஸ் ஆகியவை தாளத்தைக் கட்டும். மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒருவர் பேச்சை ஒருவர் மிதிக்காமல் பேசுவது போன்றது அது. எழுதி வைத்து வாசிப்பது குறைவு, அந்தந்த நேரத்துக் கற்பனையே அதிகம். நம் நாதஸ்வர வித்துவான்களின் ஆலாபனையைக் கேட்டவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

அங்கேயும் சாவு வீட்டுக்கு பேண்டு உண்டு. கல்லறைக்குப் போகும்போது பாதை நெடுக மெதுவாக ஞானப்பாடல் வாசிப்பார்கள். அடக்கம் முடிந்து கல்லறை வாசலைத் தாண்டியதும் சைடு டிரம் ஒரு தட்டுத் தட்டும். உடனே துள்ளலான வாசிப்பு தொடங்கும், தெருவே பின்னால் ஆடிக்கொண்டு வரும். நம் வட்டாரத்தில் ஜமாப்புக்கு ஆடியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இப்போது ஆட்களுக்கு வருவோம். அந்த ஊரில் இருவகைக் கறுப்பர்கள் இருந்தார்கள். பிரெஞ்சுக் கலப்பில் பிறந்து, பிரெஞ்சு பேசி, கத்தோலிக்கராக வளர்ந்த கிரியோல் மக்கள் ஒருபுறம். இவர்களில் பலர் கைத்தொழில்காரர்கள், பிள்ளைகளுக்கு ஆசிரியர் வைத்து முறையாக இசை கற்பித்தவர்கள். மறுபுறம், கரும்புத் தோட்டங்களிலிருந்து பிழைக்க வந்த ஏழை மக்கள். அவர்களில் பலருக்கு நோட்டுப் படிக்கத் தெரியாது, கேள்வி ஞானம்தான். பெரும்பாலும் பாப்டிஸ்ட் சபையினர். கிரியோல்கள் இவர்களோடு சேர்ந்து வாசிப்பதைக் கௌரவக் குறைவாக நினைத்த காலமும் உண்டு. பிறகு நிறவெறிச் சட்டங்கள் வந்தன. ஹோமர் பிளெஸி என்ற கிரியோல் செருப்புத் தொழிலாளி வெள்ளையர் ரயில் பெட்டியில் உட்கார்ந்ததற்காக 1892-ல் கைதானார். 1896-ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. படித்த கிரியோலும் படிக்காத தோட்டக்காரனும் ஒரே வேலிக்குள் தள்ளப்பட்டார்கள். படிப்பும் கேள்வி ஞானமும் ஒரே மேடையில் உட்கார நேர்ந்ததில் ஜாஸ் பிறந்தது என்று இசை வரலாற்று ஆசிரியர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அந்தச் சட்டத்துக்கு நன்றி சொல்ல எங்களுக்கு மனமில்லை. அவர்கள் முன்பே சேர்ந்து வாசித்திருக்கலாம்.

கிரியோல் வீடுகளில் புகழ்பெற்ற ஆசிரியர்கள் டியோ குடும்பத்தார். மெக்சிகோவில் பிறந்த மூத்த லொரன்சோ டியோவும் அவர் அண்ணன் லூயியும், பிறகு அவர் மகன் லொரன்சோவும் கிளாரினெட் சொல்லிக்கொடுத்தார்கள். பையன் வந்தவுடன் வாத்தியத்தைக் கையில் கொடுக்க மாட்டார்கள். முதலில் வாயால் தோ, ரே, மி பாட வேண்டும், காலால் தாளம் போட வேண்டும். அது படிந்த பிறகுதான் கிளாரினெட். ஜிம்மி நூன், பார்னி பிகார்ட், ஆல்பர்ட் நிக்கோலஸ் முதலிய பெரிய கலைஞர்கள் இந்த வீட்டு மாணவர்கள். செருப்புத் தொழிலாளியின் மகனான சிட்னி பெஷேயும் டியோவிடம் கொஞ்சம் கற்றவர்தான், ஆனால் நோட்டுப் படிக்கக் கற்காமலே உலகப் புகழ் பெற்றுவிட்டார். அப்படிப் பிறப்பவர்கள் ஆயிரத்தில் ஒருவர். மற்ற நமக்குத் தோ, ரே, மிதான் வழி!

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வாத்தியார் யார்? ஜேம்ஸ் ஹம்ஃப்ரி என்ற கறுப்பின ஆசிரியர் கார்னெட் பெட்டியை எடுத்துக்கொண்டு ரயிலேறித் தோட்டம் தோட்டமாகப் போவார். பகலெல்லாம் வயலில் வெட்டியவர்களை மாலையில் உட்கார வைத்து நோட்டுச் சொல்லிக்கொடுப்பார். முற்காலத்தில் உபதேசியார்கள் மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போய் மந்திரம் சொல்லிக்கொடுத்தார்களே, அதே மாதிரி. மக்னோலியா தோட்டத்தில் அவர் உருவாக்கிய பேண்டுக்கு எக்லிப்ஸ் என்று பெயர். அவருடைய பேரன்கள் வில்லியும் பெர்சியும், 1961-ல் பழைய ஜாஸைக் காப்பாற்ற நியூ ஆர்லியன்ஸில் தொடங்கிய பிரிசர்வேஷன் ஹாலில் தொண்ணூறு வயதை எட்டும் வரை வாசித்தார்கள். பாட்டனார் ரயிலேறிய பலன் நூறு வருடம் நின்றது.

கிட் ஓரி என்பவர் லாப்ளாஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். வாங்கக் காசில்லாததால் சுருட்டுப் பெட்டியில் பாஞ்சோ செய்தார். அதற்கும் முன்னால் நண்பர்களோடு இரவில் ஒரு பாலத்தின் மேல் நின்று, வாத்தியமே இல்லாமல் வாயாலேயே நான்கு குரல்களை முனகிப் பழகினார்களாம்.

லூயி ஆம்ஸ்ட்ராங் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். தாம் 1900 ஜூலை 4-ல் பிறந்ததாகக் கடைசி வரை சொல்லிவந்தார். 1971-ல் அவர் இறந்து பல வருடங்கள் கழித்து, நியூ ஆர்லியன்ஸ் திரு இருதய ஆலயத்து ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டியபோதுதான் உண்மை தெரிந்தது: 1901 ஆகஸ்டு 4-ல் பிறப்பு, 25-ல் ஞானஸ்நானம். உலகமே அறிந்த ஒரு மனிதரின் பிறந்த நாளை ஒரு பங்குச் சாமியாரின் கையெழுத்து காப்பாற்றி வைத்திருந்தது. நம் பதிவேடுகளைக் கரையான் தொடாமல் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்தாருக்கு இதைச் சமர்ப்பிக்கிறோம். பையன் தெருவில் நண்பர்களோடு பாடிக் காசு வாங்கினான். 1912 கடைசி நாள் இரவில் கைத்துப்பாக்கியை வானத்தில் சுட்டதற்காகச் சிறுவர் சீர்திருத்த இல்லத்தில் அடைத்தார்கள். அங்கே பீட்டர் டேவிஸ் என்ற பேண்டு மாஸ்டர் முதலில் தம்புரின் கொடுத்தார், அப்புறம் டிரம், அப்புறம் ஆல்டோ ஹார்ன், பியூகிள், முடிவில் கார்னெட். வெளியே வந்தவன் நிலக்கரி வண்டி ஓட்டினான்.

1923 ஏப்ரலில் கிங் ஆலிவர் குழுவினர் இசைத்தட்டுப் பதிவு செய்தபோது, ஆம்ஸ்ட்ராங்கின் கார்னெட் மற்றவர்களை அமுக்கிவிடும் என்று அவரை அறையில் தள்ளி நிற்க வைத்தார்களாம். அதே குழுவில் பியானோ வாசித்த லில் ஹார்டின் மெம்ஃபிஸ் நகரத்துப் பெண். சிறுவயதில் கோயிலிலும் பள்ளியிலும் ஆர்கன் வாசித்துப் பழகி, ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் படித்தவர். டிராம்போன் வாசித்த ஒனோரே டூட்ரே முதல் உலகப் போரில் கடற்படையில் நுரையீரல் கெட்டவர், அந்த நுரையீரலோடு ஊதினார்.

இவர்களில் பெரும்பாலோருக்கு வாத்தியம் முழுநேரத் தொழில் அல்ல. மானுவெல் பெரெஸ் சுருட்டுச் சுற்றினார். பிக்கூ தகர வேலை செய்தார். ஜானி செயின்ட் சிர் சுவர் பூசினார். ஜார்ஜ் லூயிஸ் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். பங்க் ஜான்சன் பல்லெல்லாம் போய் ஊத முடியாமல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். பழைய இசையைத் தேடி வந்தவர்கள் பணம் சேர்க்க, சிட்னி பெஷேயின் அண்ணன், பல் மருத்துவர் லியோனார்டு, பல் கட்டிக்கொடுத்தார். 1942-ல் மறுபடி வாசித்து இசைத்தட்டுக் கொடுத்தார் ஜான்சன். சோமனூரிலும் இங்கேயும் ஷிப்டு முடித்துத் தறியை விட்டு இறங்கி, முகம் கழுவிக்கொண்டு பாடகற்குழு ஒத்திகைக்கு வருகிறவர்கள் இவர்களை அந்நியராக எண்ண மாட்டார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். 1935-ல் லியோன் ஆபி என்பவர் தலைமையில் கறுப்பினக் கலைஞர்கள் பம்பாய் தாஜ் ஓட்டலுக்கு வந்து வாசித்தார்கள். அந்த இசையை உடனே பிடித்துக்கொண்டவர்களில் கோவாக் கத்தோலிக்கர்கள் முன்னணியில் நின்றார்கள். காரணம் எளியது. போர்த்துகீசியர் காலத்திலிருந்து கோவாவில் கோயிலோடு சேர்ந்த பங்குப் பள்ளிகள் இருந்தன. அங்கே மேஸ்திரி என்கிற பாட்டு வாத்தியார் எழுத்தோடு சேர்த்துத் தோ, ரே, மியும் வயலினும் கற்பித்தார், கோயிலில் பாட ஆள் வேண்டுமென்று. அந்தப் பள்ளியில் படித்த அல்டோனா ஊர்ப் பையன் அந்தோனியோ சேவியர் வாஸ், பம்பாயில் சிக் சாக்லேட் என்ற பெயரில் டிரம்பெட் வாசித்து, இந்தியாவின் ஆம்ஸ்ட்ராங் என்று பெயர் வாங்கினார். 1951-ல் சி. ராமச்சந்திரா இசையமைத்த அல்பேலா படத்தின் துள்ளல் இசையில் அவர் கை இருக்கிறது. மஜோர்டா ஊர் அந்தோணி கொன்சால்வெஸின் தகப்பனார் கோயில் பாடகற்குழு ஆசிரியர். மகன் பம்பாய்த் திரையுலகில் வயலின் வாசித்து, பியாரேலாலுக்கு ஆசிரியரானார். 1977-ல் வந்த அமர் அக்பர் அந்தோணி படப் பாட்டில் கேட்கும் பெயர் அவருடையதுதான். மெட்டுப் போட்டவருக்கு நோட்டு எழுதத் தெரியாத இடங்களில், எழுதத் தெரிந்த கோவாக்காரர்களே ஐம்பது பேர் வாசிக்கும் இசையாக அதை விரித்துக்கொடுத்தார்கள். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் இளையராஜா மேல்நாட்டு இசை கற்றதும் இந்த வகையில்தான்: நோட்டு அறிந்த ஓர் ஆசிரியர், கற்க வந்த ஒரு கிராமத்துப் பையன்.

இதையெல்லாம் நாங்கள் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. நம் மாவட்டத்துப் பங்குகள் பலவற்றில் இன்று கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் டிரம்ஸ், கிட்டார், புல்லாங்குழல் எல்லாம் தானாக வருகின்றன. சுருதி தவறாது, சம்பளமும் கேட்காது. ஆனால் பொத்தானைப் பார்த்து எந்தப் பிள்ளையும் வாத்தியம் கற்றதில்லை. தேர்ப்பவனிக்குப் பேண்டு செட்டை வெளியூரிலிருந்து பேசிக்கொள்கிறோம். தேர் நிலை சேர்ந்ததும் அவர்கள் டெம்போவில் ஏறிப் போய்விடுகிறார்கள். அவர்கள் பெயரும் நமக்குத் தெரியாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். மேளம் தொடுவதைச் சாதியோடு கட்டி வைத்த நாடு இது. "என் பிள்ளை பேண்டு அடிக்கவா?" என்று கேட்கிற பெற்றோர் அதே பிள்ளைக்குக் கீபோர்டு வாங்கிக் கொடுக்கத் தயங்குவதில்லை. நியூ ஆர்லியன்ஸில் கிரியோல் வீட்டார் கேட்டதும் இதே கேள்விதான். அவ்வூர்க் கோயில்களில் கறுப்பர்களுக்குத் தனி வாங்கு போட்டிருந்தார்கள் என்று படிக்கும்போது நமக்குக் கோபம் வருகிறது. வாசிக்கிறவருக்குக் கூலி கொடுத்துப் பந்தியில் இடம் கொடுக்காத வழக்கம் நம் பக்கத்திலும் இருந்திருக்கிறது. பிரேசியாக் ஆண்டகையை வாட்டிய பிரச்சினை அவரோடு கப்பலேறிப் போய்விடவில்லை.

ஆகவே பங்குத் தந்தை அவர்களிடமும் பங்குப் பேரவையிடமும் எங்கள் விண்ணப்பம் இது. யூபிலி நிதியில் மிஞ்சுவதைக் கொண்டு மறைக்கல்வி வகுப்பு நடக்கும் கூடத்தில் வாரம் இரண்டு மாலை இசை வகுப்பு நடத்த வேண்டும். முதல் ஆறு மாதம் வாத்தியம் வேண்டாம். டியோ வீட்டு முறைப்படி வாயால் பாடவும் காலால் தாளம் போடவும் நோட்டுப் படிக்கவும் மட்டும் கற்பிப்போம், செலவு கரும்பலகையும் சுண்ணாம்புக் கட்டியும்தான். பிறகு வாங்கும் வாத்தியங்கள் பங்கின் சொத்தாக இருக்க வேண்டும், எந்தக் குடும்பமும் உரிமை கொண்டாடக் கூடாது. எந்தத் தெருப் பிள்ளையும் வரலாம், பெண் பிள்ளைகளும் வரலாம். டிரம் யாருக்கு, கிளாரினெட் யாருக்கு என்பதை ஆசிரியர் காதால் கேட்டு முடிவு செய்யட்டும், வீட்டு முகவரியைக் கேட்க வேண்டாம்.

பெயர் கொடுக்க விரும்புவோர் பூசை முடிந்ததும் உபதேசியாரிடம் கொடுக்கலாம். யார் வீட்டுப் பரணிலாவது தாத்தா ஊதிய பழைய கிளாரினெட்டோ யூபோனியமோ கிடந்தால் எங்களிடம் சொல்லுங்கள். அடைப்பு மெத்தைகள் போயிருந்தாலும் ஸ்பிரிங் துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை, சரிசெய்து கொள்கிறோம்.