இலையின் எழுத்தும் தலையின் எழுத்தும்
(எக்கியார்குப்பத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



கூட்டம் தொடங்குமுன் ஒரு பெரியவர் என்னிடம், "உப்பளத்தில் வேகுவதும் கடலில் அலைவதும் எங்கள் தலையெழுத்து. எழுதினதை அழிக்க முடியுமா?" என்றார். நான் பேச வந்ததோ செடிகளைப் பற்றி. அதிலேயே அவருக்கு விடை இருப்பதால் அதையே சொல்லுகிறேன்.

தலையில் எழுத்து இருப்பதை இதுவரை எவரும் கண்டதில்லை. இலையில் உள்ளதை மனிதன் படித்தே விட்டான். இலைக்குப் பச்சை நிறம் தரும் நுண்ணிய பைகளுக்குப் பசுங்கணிகம் என்று பெயர். வெயிலைக் கொண்டு செடிக்கு உணவு சமைக்கும் அடுப்பு அது. அதற்குரிய குறிப்பும் அதற்குள்ளேயே நான்கு வித இரசாயனப் பொருள்களின் வரிசையாக இருக்கிறது. எழுத்து என்று நான் சொல்லுவது உவமைக்குத்தான். 1986-ல் ஜப்பான் விஞ்ஞானிகள் புகையிலையில் அவ்வரிசை முழுவதையும் படித்தார்கள். 1989-ல் நெல்லைப் படித்தார்கள்; அதில் 1,34,525 எழுத்துக்கள்.

எழுதியவன் யார் என்பீர்கள். ஒருவனும் இல்லை. நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு நீரில் தனித்து வாழ்ந்த ஒரு நுண்ணுயிரை மற்றோர் உயிரணு விழுங்கிற்று. விழுங்கியது செரியாமல் உள்ளேயே குடியேறிற்று. அதன் வழிவந்ததே பசுங்கணிகம். ருஷியாவின் மெரஷ்கோவ்ஸ்கி 1905-ல் இதைச் சொன்னபோது பெரும்பாலோர் ஏற்கவில்லை. அமெரிக்காவின் லின் மார்குலிஸ் என்ற பெண்மணி 1967-ல் திரும்பச் சொன்னார். பின்னர் சான்றுகள் குவிந்தன; உலகம் ஒப்புக்கொண்டது.

சரி, அந்த எழுத்து அழியாததா? ஆர்க்கிட் என்னும் பூச்செடிகளைப் பாருங்கள். அவற்றில் பல இனங்களில் ஒரு கூட்டம் மரபணுக்கள் சிதைந்தோ மறைந்தோ போயிருக்கின்றன. சில இடங்களில் பாதி வாக்கியம் ஒடிந்து கிடக்கிறது. சர்வ வல்லமையுள்ளவன் எழுதியிருந்தால் உதவாத அரை வாக்கியத்தை ஏன் விட்டு வைப்பான்? எபிபோஜியம் என்ற இலையற்ற ஆர்க்கிட் வெயிலில் சமைப்பதையே விட்டுவிட்டுக் காளானிடம் உணவு பெறுகிறது. அதில் ஓர் இனத்தில் மிச்சமிருப்பது 19,047 எழுத்துக்களே. பயன்படாத குறிப்பில் பிழை விழுந்தால் செடிக்கு நஷ்டமில்லை. ஆகவே பிழைகள் சேர்ந்து சேர்ந்து குறிப்பே தேய்ந்தது.

தூரம் போவானேன்? கடற்கரை மணலில் செடிகளின்மேல் நூல் நூலாய்ப் படரும் கொற்றான் கொடியைப் பாருங்கள். அது இலவங்கப்பட்டை மரத்தின் குடும்பம் என்றால் நம்புவீர்களா? பிற செடியின் சாற்றை உறிஞ்சி வாழ்ந்தாலும் பச்சையை அடியோடு விடவில்லை. ஆனால் ஆர்க்கிட்டுகள் பல இழந்த அதே கூட்டத்தை இதுவும் இழந்திருக்கிறது. உறவில்லாத இரண்டு, தனித்தனியே ஒரே விதமாய் மாறியிருக்கின்றன.

இன்னொன்று. பெரும்பாலான பூச்செடிகளில் பசுங்கணிகம் தாய்வழியாகவே வருகிறது. தகப்பன் வழியாலேயே கோத்திரம் எண்ணுகிறவர்கள் இதைச் சற்று யோசிக்கட்டும்!

பெரியவரே! கண்ணால் கண்டு எண்ணிப் பார்த்த எழுத்தே மாறியிருக்கிறது. எவரும் காணாத எழுத்தா மாறாது? செடிக்கு மாற லட்சக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். அதற்கு யோசிக்கத் தெரியாது. நமக்குத் தெரியும். உங்கள் பேரப்பிள்ளை உப்பளத்துக்குப் போவதும் பள்ளிக்கூடத்துக்குப் போவதும் எந்த ஏட்டிலும் எழுதியிருக்கவில்லை. நாளைக் காலையில் நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.