சின்னமனூர்க்காரியின் பெயர்



என் ஊர் ஓடைப்பட்டி. திராட்சை என்றால் உங்களுக்கு ஞாபகம் வரும். நம் பள்ளத்தாக்கில் ஜனவரி 15 வந்தால் பென்னிகுயிக் பிறந்தநாளுக்கும் சேர்த்தே பொங்கல் வைக்கிறோம். அவர் 1841-ல் பூனாவில் பிறந்தார், 1895-ல் பெரியாறு அணை திறக்கப்பட்டது, 1911-ல் மறைந்து இங்கிலாந்தில் பிரிம்லி தேவாலயத் தோட்டத்தில் அடக்கமானார் என்பது வரை நமக்கு அத்துப்படி. அந்த நாட்டில் 1538 முதலே ஊருக்கு ஊர் தேவாலயத்தில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதி வைக்க உத்தரவு. அதனால் சாதாரணக் குடியானவன்கூட முப்பாட்டனைத் தேடிப் பிடித்துவிடுகிறான்.

நம்ம கதை என்ன? போன வருஷம் பட்டா மாறுதலுக்காக மூலப்பத்திரத்தைப் புரட்டினேன். "இன்னார் குமாரர் இன்னார்" என்று நான்கு தலைமுறை ஆண்கள் வரிசையாக வந்தார்கள். அந்தத் தோட்டத்தில் களை எடுத்த பெண்களில் ஒருத்தர் பெயரும் இல்லை. சிவராத்திரிக்குக் குலதெய்வம் கோயிலில் பங்காளிகள் கூடிச் சொல்லும் வரிசையிலும் ஆண்கள்தான்.

அப்பத்தாவிடம் கேட்டேன்: "ஒங்க மாமியார் பேரு என்ன?"

"யாருடா பேரச் சொன்னா? நான் அத்தைன்னுதான் கூப்புடுவேன். ஊர்ல எல்லாரும் சின்னமனூர்க்காரிம்பாக."

கணக்குப்பிள்ளையும் முன்சீப்பும் கிராமக் கணக்கு எழுதிய பரம்பரைப் பதவிகளை 1980-ல் அரசு ஒழித்தது. பழைய பிறப்பு இறப்புப் பதிவேடு கிடைக்குமா என்று அலைந்தேன், கைக்கு வரவில்லை. கடைசியில் சின்னமனூருக்கே போனேன். அவர் பிறந்த வீட்டு வகையறாவில் ஒரு பெரியவர் யோசிக்காமல் பெயரைச் சொன்னார். எப்படித் தெரியும் என்றேன். "எங்க தங்கச்சிக்கு அந்தப் பேரத்தானப்பா வச்சாக!" என்றார்.

திரும்பி வந்து அப்பத்தாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "அத்தைக்கு இம்புட்டு அழகான பேரா?" என்றது. நான்கே மாதத்தில் அப்பத்தாவும் போய்விட்டது.

தம்பி தங்கைகளே, இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போனதும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். வீட்டுப் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, முதலில் பெண்கள் பெயரைக் கேட்டு எழுதுங்கள். ஆண்கள் பெயர் பத்திரத்தில் இருக்கிறது, அது எங்கேயும் போகாது.