எல்லாம் எண்ணெய்தானா?

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு மெக்கானிக் கடை. காரோடு வந்தவர் சொன்னார்: "பவர் ஸ்டியரிங் ஆயில் குறைஞ்சிருக்கு. வீட்டுல பிரேக் ஆயில் மிச்சம் இருக்கு. ஊத்திடலாமா? ரெண்டும் ஆயில்தானே!"

மெக்கானிக் சிரித்தார். "நல்லெண்ணெயும் மண்ணெண்ணெயும்கூட எண்ணெய்தான். தோசைக்கு எதை சார் ஊத்துவீங்க?"

அவர் சொன்னது சரி. பிரேக் ஆயில் பட்டால் ஸ்டியரிங்கில் உள்ள ரப்பர் சீல் ஊதிக் கெட்டுப்போகும். சில கார்களுக்கு ஆட்டோமேட்டிக் கியருக்கு ஊற்றும் டெக்ஸ்ரான் ஆயிலே போதும். சிலவற்றுக்கு அந்தக் கம்பெனி சொல்லும் தனி ஆயில்தான். சிவப்பா பச்சையா என்று நிறம் பார்த்து வாங்கக்கூடாது. காரில் உள்ள ஆயில் டப்பாவின் மூடியையோ, காரோடு தந்த கையேட்டையோ பார்க்க வேண்டும். ஆயில் குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். ஊற்றினால் மட்டும் போதாது.

கொஞ்ச நாள் கழித்து அந்தக் கார்க்காரர் புதுக் கார் வாங்கினார். ஞாபகமாக டெக்ஸ்ரான் டப்பாவோடு அதே கடைக்கு வந்தார். "காலையிலேருந்து தேடறேன், ஊத்தற இடமே தெரியல!"

"சார், இதுல ஸ்டியரிங்கைத் திருப்ப உதவறது மின்சார மோட்டார். ஆயிலே கிடையாது. கையேட்டைப் படிக்கலையா?"

"அதுவா... இன்னும் கவரே பிரிக்கலையே!"