மிகுபொருள் விரும்பாமை



இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் இறுதியானது மிகுபொருள் விரும்பாமை. பொருளீட்டுவோர் நிலம், பொன், தானியம் ஆகியவற்றுக்குத் தாமே ஓர் எல்லை வகுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது அது. இன்றைய முதலாளித்துவ வணிகத்திலோ எல்லை வகுப்பவன் தோற்றவன்.

சமந்தபத்திர ஆசாரியார் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் இவ்விரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறார். அளவுமீறிச் சேர்த்தல், பிறர் ஆக்கம் கண்டு மலைத்தல், பேராசை ஆகிய மூன்றும் நாம் எதிர்பார்ப்பவையே. ஏனைய இரண்டு, விலங்குகளை ஆற்றலுக்கு மீறி ஓட்டுதலும் மிகுபாரம் ஏற்றுதலும். கொல்லாமையின்கீழ் வரும் என நாம் நினைப்பதைப் பொருளாசையின்கீழ் வைத்தார் ஆசாரியார்.

மாட்டுவண்டிகள் நம்மிடம் இன்று இல்லை. கடைப் பணியாளர் உள்ளனர். அவர்கள் அமர இருக்கை அளிக்க வேண்டுமென 2021இல் தமிழக அரசு சட்டத்தைத் திருத்தியது. அதன் பின்னரே என் கடையிலும் நாற்காலிகள் வந்தன. இரவுணவு தவிர்த்து, கிழங்கு விலக்கி நோன்பு நோற்ற எனக்கு, பன்னிரண்டு ஆண்டுகள் என் எதிரே நின்றுகொண்டே வேலை செய்த அம்மையாரின் வீங்கிய கால்கள் தென்படவில்லை. வரும் க்ஷமாவணி நாளில், உறவினரை நாடுமுன் அவரிடம் சென்று பொறுத்தருள வேண்ட எண்ணியுள்ளேன்.